ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு கதவு எண்: வீடியோ எடிட்டிங்கில் டைம்கோடு குறிப்புகள்

மூன்று கேமரா, ஒரு ட்ரோன், மாப்பிள்ளையின் நண்பர்கள் எடுத்த நாலைந்து செல்போன் கிளிப். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வீடியோவுக்காக என் மேஜைக்கு வந்தவை இவை. முதல் கேமராவின் கடிகாரம் சரியாக ஓடியது. இரண்டாவது இருபது நிமிடம் பின்தங்கி ஓடியது. மூன்றாவதில் பேட்டரி மாற்றியபோதெல்லாம் டைம்கோடு பூஜ்யத்துக்குத் திரும்பியிருந்தது. தாலி கட்டும் அந்த அரை நிமிடத்தை மூன்று கோணங்களிலும் தேடிப் பிடித்து ஒன்றாக உட்காரவைக்க எனக்கு இரண்டு இரவு ஆயிற்று. மண்டபத்துக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் அந்த இரண்டு இரவும் மிஞ்சியிருக்கும்.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாணம், காதுகுத்து, கோயில் விழா என்று எடிட் செய்பவர்கள் இன்று ஏராளம். அவர்களை மனதில் வைத்தே இந்தக் குறிப்புகள்.

1. முதலில் எண்ணைப் படிக்கப் பழகுங்கள். 01:12:47:18 என்றால் 1 மணி, 12 நிமிடம், 47 விநாடி, 18ஆவது ஃபிரேம். கடைசி இரண்டு இலக்கங்களை விநாடியில் நூறில் ஒரு பங்கு என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் அது 00 முதல் 24 வரைதான் போகும். 24க்கு அடுத்து விநாடி ஒன்று கூடிவிடும். படச்சுருள் காலத்தில் 35 மி.மீ. ஃபிலிமின் ஓரத்தில் ஒவ்வொரு அடிக்கும், அதாவது 16 ஃபிரேமுக்கு ஒருமுறை, எண் அச்சாகியிருக்கும். நெகட்டிவ் வெட்டுபவர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் கத்தரி வைத்தார்கள். ஓரத்தில் எண் அச்சிட முடியாத வீடியோ டேப்புக்கு டைம்கோடு அந்த வேலையைச் செய்தது. டேப் போய் மெமரி கார்டு வந்த பிறகும் அதே எட்டு இலக்கம் நீடிக்கிறது.

2. எல்லாக் கேமராவும் ஒரே ஃபிரேம் வேகத்தில் இருக்கட்டும். நம் ஊரில் 25 வைப்பது நல்லது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருவதால், 30 வைத்தால் மண்டபத்து விளக்குகள் சில திரையில் மினுக்கும். ஒரு கேமரா 25, இன்னொன்று 30 என்றால் டைம்கோடின் கடைசி இரண்டு இலக்கம் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது.

3. கேமரா மெனுவில் டைம்கோடு பகுதிக்குப் போனால் 'ரெக் ரன்', 'ஃப்ரீ ரன்' என்று இரண்டு வழி இருக்கும். ரெக் ரன்னில், பதிவு பட்டனை அழுத்தியிருக்கும்போது மட்டும் எண் ஓடும். ஒரே கேமராவில் எடுக்கும் குறும்படத்துக்கு இது அருமையான முறை: கிளிப்புகள் இடைவெளி இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக எண் பெறும், மொத்தம் எவ்வளவு எடுத்திருக்கிறோம் என்பதும் பார்த்தவுடன் தெரியும். ஃப்ரீ ரன்னில், பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும் கடிகாரம் மாதிரி எண் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு கேமரா சேர்ந்து ஒரு நிகழ்ச்சியை எடுக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஃப்ரீ ரன் வையுங்கள். காலை 9.42க்குத் தாலி ஏறியது என்று ஒருவர் குறித்து வைத்திருந்தால் போதும், எல்லாக் கேமராவின் புட்டேஜிலும் 09:42க்கு நேராகப் போய்விடலாம். என் இரண்டு இரவைத் தின்றது, மூன்றாவது கேமரா ரெக் ரன்னில் இருந்ததும், பேட்டரி கழற்றியதும் எண் திரும்ப முதலிலிருந்து தொடங்கும்படி அது வைக்கப்பட்டிருந்ததும்தான்.

4. கேமராக்களின் நேரத்தைத் தனித்தனியாகச் சரிசெய்யாதீர்கள். எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக வைத்து, ஒரே நேரத்தை எல்லாவற்றிலும் அடித்து வைத்துக்கொண்டு, "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லி ஆளுக்கொரு கேமராவில் ஒரே சமயத்தில் 'செட்' அழுத்துங்கள். கையால் செய்வதால் ஒரு விநாடிக்குள் கொஞ்சம் முன்பின் இருக்கும். சில மணி நேரம் ஓடினால் கேமராக்களின் கடிகாரம் தானாகவே சில ஃபிரேம் விலகவும் செய்யும். அதனால் சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு முறை சரிபார்ப்பது நல்லது. கைதட்டலை வைத்துச் சரிசெய்யும் அளவுக்கு நெருங்கி இருந்தாலே பெரிய வெற்றி. இருபது நிமிடம் தேடும் வேலை ஒரு விநாடிக்குள் தேடும் வேலையாகச் சுருங்கிவிடும்.

5. ஒவ்வொரு முறை பதிவு தொடங்கும்போதும் எல்லாக் கேமராவுக்கும் தெரிகிற மாதிரி ஒருவர் கை தட்டட்டும். கிளாப் பலகை இல்லாவிட்டால் பரவாயில்லை, கைகள் சந்திக்கும் ஃபிரேம் தெளிவாகத் தெரிந்தால் போதும்.

6. ஒலி அலையை ஒப்பிட்டுக் கிளிப்புகளைத் தானாகவே பொருத்தும் வசதி இன்று எல்லாப் பெரிய மென்பொருளிலும் இருக்கிறது. நல்ல வசதி, ஆனால் அதன் முடிவை அப்படியே நம்பக் கூடாது. ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகிறது. 25 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லி விநாடி. அதற்குள் ஒலி கடப்பது ஏறக்குறைய 14 மீட்டர். மேடையில் கெட்டிமேளம் அடிக்கும்போது, முப்பது மீட்டர் பின்னால் வாசல் பக்கம் நிற்கும் கேமராவுக்கு அந்தச் சத்தம் இரண்டு ஃபிரேம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். மென்பொருள் ஒலியை ஒலியோடு பொருத்தும், படம் இரண்டு ஃபிரேம் தள்ளி நிற்கும். தவில்காரரின் கை தோலில் விழும் ஃபிரேமை இரண்டு கேமராவிலும் கண்ணால் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். உதட்டசைவில் இரண்டு ஃபிரேம் பிசகினால் பார்ப்பவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் தோன்றும்.

7. கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் டைம்கோடு தரும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியவை. ஒவ்வொரு கேமராவிலும் ஒன்று மாட்டினால், எல்லாம் ஒரே நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். டைம்கோடுக்கென்று தனி வாய் இல்லாத கேமராவில் மைக் துளை வழியாக எண்ணை ஒலியாக அனுப்பும். இதற்கு எல்.டி.சி. என்று பெயர், ஒரு ஃபிரேமுக்கு 80 பிட் தகவல் அதில் இருக்கிறது. கேட்டால் பழைய ஃபேக்ஸ் மெஷின் மாதிரி கிறீச்சிடும். இரண்டு ஒலித்தடத்தில் ஒன்றை அதற்குக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் மண்டபத்துச் சத்தத்தை வாங்கிக்கொள்ளலாம். டாவின்சி ரிசால்வில் கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்து, ஒலித்தடத்திலிருந்து டைம்கோடைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தால் அந்தக் கிறீச்சொலியைப் படித்து எண்ணாக மாற்றிக்கொள்ளும்.

8. அந்தத் தடத்தை உடனே மியூட் செய்துவிடுங்கள். மறந்துவிட்டால் மங்கள இசைக்கு அடியில் கிறீச்சென்று ஒலிக்கும்.

9. கார்டில் உள்ள ஃபோல்டர்களை அப்படியே முழுதாக நகலெடுங்கள். வீடியோ கோப்பை மட்டும் உருவி எடுத்தால், சில கேமராக்களில் பக்கத்துக் கோப்பில் எழுதப்பட்ட தகவல்கள் தொலைந்துபோகும். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டு மறுபடி எழுதப்பட்டது. அதில் டைம்கோடைத் தேட வேண்டாம். கேமராக்காரரிடம் மூலக் கோப்பையே கேளுங்கள்.

10. ஒரு கோப்பில் டைம்கோடு இருக்கிறதா என்று எடிட்டிங் மென்பொருளைத் திறக்காமலே தெரிந்துகொள்ளலாம். 'மீடியா இன்ஃபோ' என்ற இலவசச் செயலியில் கோப்பை இழுத்துப் போடுங்கள். முதல் ஃபிரேமின் டைம்கோடு, ஃபிரேம் வேகம், அந்த வேகம் நிலையானதா மாறுவதா, எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். கார்டு கைக்கு வந்ததும் இதைப் பார்ப்பது என் வழக்கம். கேமராக்காரருக்கு நினைவு இருக்கும்போதே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம்.

11. செல்போன் வீடியோவில் பெரும்பாலும் ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். வெளிச்சம் குறைந்தால் 30 என்பது 24 ஆகும், மறுபடி ஏறும். இப்படிப்பட்ட கிளிப்பில் எந்த எண்ணுக்கும் உறுதி கிடையாது. பத்து நிமிடம் ஓடினால் படம் ஓர் இடத்திலும் ஒலி ஓர் இடத்திலும் நிற்கும். எடிட்டிங்கில் சேர்க்கும் முன்பே ஹேண்ட்பிரேக் அல்லது ஷட்டர் என்கோடர் மாதிரியான இலவசச் செயலியால் நிலையான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

12. டைம்கோடே இல்லாத கிளிப்புக்கு நாமே எண் கொடுக்கலாம். பிரீமியர் புரோவில் கிளிப்பை ரைட் கிளிக் செய்து, 'மாடிஃபை' என்பதன் கீழ் 'டைம்கோடு' திறந்து தொடக்க எண்ணை அடியுங்கள். ரிசால்வில் 'கிளிப் ஆட்ரிபியூட்ஸ்' என்ற பெட்டியில் அதற்கொரு பக்கம் இருக்கிறது. மாமா செல்போனில் எடுத்த ஊஞ்சல் காட்சி எத்தனை மணிக்கு என்று போனிலேயே பதிவாகியிருக்கும். அந்த மணியைத் தொடக்கமாகக் கொடுத்தால் அந்தக் கிளிப்பும் வரிசையில் தன் இடத்துக்குப் போய்விடும். ரிசால்வில் செய்யும் இந்த மாற்றம் அந்தப் ப்ராஜெக்டுக்குள் மட்டும்தான். மூலக் கோப்பைத் தொடாது. அதனால் பயப்படாமல் செய்து பார்க்கலாம்.

13. இரவு நிகழ்ச்சிக்கு ஒரு தனி எச்சரிக்கை. தெருக்கூத்து இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை போகும். ஃப்ரீ ரன்னில் உண்மையான மணியை வைத்திருந்தால் நள்ளிரவில் 23:59:59:24க்கு அடுத்து 00:00:00:00 வந்துவிடும். எடிட்டிங்கில் டைம்கோடு வரிசைப்படி அடுக்கினால் விடியற்காலைக் காட்சி முதலிலும், கூத்தின் தொடக்கத்தில் நடந்த கட்டியங்காரன் வருகை கடைசியிலும் நிற்கும். இப்படிப்பட்ட இரவுகளில், கூத்து தொடங்கும்போது எல்லாக் கேமராவிலும் 01:00:00:00 என்று வைத்து ஃப்ரீ ரன் ஓடவிடுங்கள். நள்ளிரவு வந்துபோவதே தெரியாது.

14. ரிசால்வில் டைம்லைன் 01:00:00:00 என்று தொடங்குவதைப் பார்த்து ஏதோ பிழை என்று பலர் பதறுகிறார்கள். பிழை இல்லை. படம் தொடங்கும் முன் வண்ணப் பட்டை, பெயர்ப் பலகை, ஒலி சரிபார்க்கும் 'பீப்' எல்லாவற்றையும் வைக்க முன்னால் இடம் வேண்டும். பூஜ்யத்துக்கு முன்னால் இடம் கிடையாது. ஒரு மணிக்கு முன்னால் உண்டு. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் நிகழ்ச்சியை 10:00:00:00இல் தொடங்குவது வழக்கம். சினிமாவில் முதல் ரீலுக்கு 01, இரண்டாம் ரீலுக்கு 02 என்று மணி இலக்கத்தையே ரீல் எண்ணாக வைப்பார்கள். பூஜ்யத்திலிருந்தே வேண்டும் என்றால் ரிசால்வில் டைம்லைனை ரைட் கிளிக் செய்து தொடக்க டைம்கோடை மாற்றலாம். பிரீமியரில் டைம்லைன் பேனலின் மெனுவில் 'ஸ்டார்ட் டைம்' இருக்கிறது.

15. இதையே ஒட்டி ஒன்று. சப்டைட்டில் கோப்பு வாங்கியிருக்கிறீர்கள், திரையில் ஒரு வரிகூட வரவில்லை என்றால் முதலில் தொடக்க நேரத்தைப் பாருங்கள். டைம்லைன் ஒரு மணியிலிருந்தும் சப்டைட்டில் பூஜ்யத்திலிருந்தும் எண்ணத் தொடங்கியிருந்தால் எல்லா வரியும் ஒரு மணி நேரம் தள்ளி உட்கார்ந்திருக்கும். எஸ்.ஆர்.டி. கோப்பில் ஃபிரேம் எண் கிடையாது, மில்லி விநாடிதான். 25 ஃபிரேம் வீடியோ என்றால் ஃபிரேம் எண்ணை 40ஆல் பெருக்குங்கள்: 18ஆவது ஃபிரேம் என்பது 720 மில்லி விநாடி.

16. திருத்தம் கேட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பும் பிரதியில் டைம்கோடைத் திரையிலேயே எழுதி அனுப்புங்கள். இதை 'பர்ன்-இன்' என்பார்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதித் தலைவலி போய்விடும். "சித்தி சிரிக்கிறாங்களே, அதுக்கு அப்புறம் வர்றதை எடுத்துடுங்க தம்பி" என்று போனில் சொன்னால் எந்தச் சித்தி, எந்தச் சிரிப்பு என்று நாம் தேட வேண்டும். "00:14:32இல் வருவதை எடுத்துடுங்க" என்று சொன்னால் ஒரு நிமிட வேலை. எண்ணைப் படித்துச் சொல்ல வயதானவர்களும் சீக்கிரம் பழகிக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பிரதி அனுப்பும்போது டைம்லைனைப் பூஜ்யத்தில் தொடங்கவிட்டால், திரையில் தெரியும் எண்ணும் பிளேயர் காட்டும் நிமிடமும் ஒன்றாக இருக்கும்.

செய்யும் முறை மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். ரிசால்வில் 'வொர்க்ஸ்பேஸ்' மெனுவில் 'டேட்டா பர்ன்-இன்' திறந்து, 'ரெக்கார்ட் டைம்கோடு' என்பதை டிக் செய்தால் போதும், டைம்லைன் முழுவதும் வந்துவிடும். பிரீமியரில், முழு நீளத்துக்கு ஓர் அட்ஜஸ்ட்மென்ட் லேயரை எல்லாவற்றுக்கும் மேலே இழுத்துவைத்து, அதன்மேல் டைம்கோடு எஃபெக்டைப் போடுங்கள். ஒவ்வொரு கிளிப்பிலும் தனித்தனியாகப் போட்டால் வெட்டும் இடத்திலெல்லாம் எண் தாவும். ஃபைனல் கட் புரோவில் ஜெனரேட்டர்களில் 'டைம்கோடு' என்றே ஒன்று இருக்கிறது. காசு கொடுத்து மென்பொருள் வாங்க முடியாதவர்கள் ஷாட்கட்டில் 'டெக்ஸ்ட்: சிம்பிள்' ஃபில்டரைப் போட்டு, அதிலுள்ள டைம்கோடு பட்டனை அழுத்தினால் அதே வேலை நடக்கும். கேடென்லைவில் 'டைனமிக் டெக்ஸ்ட்' எஃபெக்ட்.

17. எண்ணை எங்கே வைப்பது? கீழே நடுவில் வைத்தால் சப்டைட்டிலோடு மோதும். மேலே இடது மூலை எனக்குப் பிடித்த இடம். பின்னால் அரைகுறையாகத் தெரியும் கறுப்புப் பட்டை கட்டாயம் வேண்டும். பட்டு வேட்டி நிறைந்த மேடையில் வெள்ளை எண் காணாமல் போய்விடும். எல்லா இலக்கமும் ஒரே அகலத்தில் இருக்கும் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் 1 வரும்போது சுருங்கியும் 8 வரும்போது விரிந்தும் எண் ஆடிக்கொண்டே இருக்கும்.

18. இரண்டு வகை எண்ணைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கேமரா தந்தது 'சோர்ஸ்' டைம்கோடு. வெட்டி ஒட்டிய டைம்லைனில் அந்தக் காட்சி நிற்கும் இடம் 'ரெக்கார்ட்' டைம்கோடு. வாடிக்கையாளருக்கு இரண்டாவது மட்டும் தெரிந்தால் போதும். உங்கள் வேலையை இன்னொரு எடிட்டர் தொடரப்போகிறார் என்றால் இரண்டையும் இரு மூலைகளில் போட்டுக் கொடுங்கள். ப்ராஜெக்ட் கோப்பு திறக்காமல் போனாலும், அந்தப் பிரதியைப் பார்த்தே எந்தக் கிளிப்பில் எந்த ஃபிரேமிலிருந்து வெட்டியது என்று மறுபடி கட்டிவிடலாம்.

19. இறுதிப் பிரதியை ரெண்டர் செய்யும் முன் பர்ன்-இன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ரிசால்வில் டெலிவர் பக்கத்தில், 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'டேட்டா பர்ன்-இன்' என்பதற்கு எதிரே 'நன்' வைத்துவிட்டால் எண் வராது. பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்ட பிறகு கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற வேண்டும்.

20. அமெரிக்கா, கனடாவிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் கேமராவில் 29.97 என்ற வேகம் இருக்கும். அங்கே வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது 30ஐச் சற்றுக் குறைத்ததால் வந்தது இது. எண்ணுவதோ முப்பது முப்பதாக, ஓடுவதோ 29.97. அதனால் ஒரு மணி நேரத்தில் 108 ஃபிரேம், அதாவது 3.6 விநாடி, கடிகாரத்திலிருந்து விலகிவிடும். இதைச் சரிக்கட்டத்தான் 'டிராப் ஃபிரேம்' எண்ணிக்கை. ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு எண்களைத் தாண்டிவிடுவார்கள். பத்தாவது, இருபதாவது என்று பத்தின் மடங்காக வரும் நிமிடங்களில் மட்டும் தாண்டுவதில்லை. மணிக்கு 54 தடவை, தடவைக்கு இரண்டு: 108 சரியாகிவிட்டது. தாண்டப்படுவது எண்தான், படத்தில் ஒரு ஃபிரேம்கூடக் குறைவதில்லை. கடைசி இரண்டு இலக்கத்துக்கு முன் முக்காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி இருந்தால் அது டிராப் ஃபிரேம். 25லும் 24லும் இந்தச் சிக்கலே கிடையாது.

21. பின்னணி இசைக்கோ டப்பிங்குக்கோ படத்தைக் கொடுக்கும்போது, படம் 01:00:00:00இல் தொடங்கினால் சரியாக இரண்டு விநாடி முன்னால், 00:59:58:00இல், ஒரே ஒரு ஃபிரேம் நீளத்துக்கு 'பீப்' வையுங்கள். இசையமைப்பாளர் அந்தப் பீப்பையும் சேர்த்தே திருப்பி அனுப்பட்டும். பீப்பின் மேல் பீப்பை வைத்தால் ஒலி முழுவதும் தன் இடத்தில் வந்து உட்காரும். ஃபிரேம் வேகத்தையும் எழுதியே அனுப்புங்கள். நீங்கள் 23.976இல் எடிட் செய்ய, அவர் 24 என்று நினைத்து வேலை செய்தால் ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி விலகல் வரும்.

22. திருத்தங்களை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள். ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: டைம்கோடு, என்ன திருத்தம், முடிந்ததா. வேலை செய்யும்போது கடைசித் திருத்தத்தில் தொடங்கி முதல் திருத்தத்தை நோக்கி வாருங்கள். முதலிலிருந்து தொடங்கினால், முதல் திருத்தத்தில் நாலு விநாடி வெட்டியவுடன் மீதி எல்லா எண்ணும் நாலு விநாடி நகர்ந்துவிடும். கடைசியிலிருந்து வந்தால் முன்னால் இருக்கும் எண் எதுவும் மாறாது. முப்பது திருத்தம் உள்ள பட்டியலில் இதன் அருமை தெரியும்.

23. மென்பொருளில் ஓரிடத்துக்குப் போக மவுஸால் இழுத்துத் தேட வேண்டாம். டைம்கோடு காட்டும் பெட்டியைக் கிளிக் செய்து புள்ளிகள் இல்லாமல் 01143207 என்று அடித்து என்டர் தட்டினால் 01:14:32:07க்குப் போய்விடும். +12 என்று அடித்தால் இருக்கும் இடத்திலிருந்து பன்னிரண்டு ஃபிரேம் தாண்டிப் போகும்.

24. எல்லாம் முடிந்து ஹார்டு டிஸ்க்கை அலமாரியில் வைக்கும்போது, தாலி, பாதபூஜை, பெரியவர்களின் ஆசீர்வாதம் என்று முக்கியமான பத்து இடங்களின் டைம்கோடை ஒரு தாளில் எழுதி உள்ளே போட்டுவையுங்கள். ஐந்து வருடம் கழித்து, "எங்க அப்பா ஆசீர்வாதம் பண்ற இடம் மட்டும் வேணும், இப்ப அவர் இல்லை" என்று ஒருவர் வந்து நிற்பார். எனக்கு அப்படி இருவர் வந்திருக்கிறார்கள். ஒருவருக்குத் தாளைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். தாள் எழுதாத மற்றவரை மறுநாள் வரச் சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த முகூர்த்தத்துக்குக் கிளம்பும் முன் கேமராக்களை மேஜையில் வரிசையாக வைத்து நேரம் சரிசெய்துவிட்டுப் பையில் போடுங்கள். திரும்பி வந்ததும் அந்தத் தாளையும் எழுதிவிடுங்கள்.